கோஸ்தான் போட்டாத்தான் சாவி வரும்

நான் இருபத்தாறு வருசம் டிரைவர் வேலை பார்த்தேன். அதுல முக்கால்வாசி நாளு வண்டிய ஓட்டுனது நான் இல்ல, எங்க மொதலாளி. நான் பக்கத்து சீட்டுல உக்காந்து, மடியில கேஸ் ஃபைலை வச்சிக்கிட்டு, ஜன்னல் வழியா சுண்ணாம்பு மலையப் பார்த்துக்கிட்டு வருவேன். ஸ்டியரிங்கைத் தொடாம சம்பளம் வாங்குன டிரைவர் எங்க மலேசியா பேராக் மாநிலத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். எங்க வீட்டுக்காரி அக்கம்பக்கத்துல சொல்லிக்கிட்டுத் திரிவா: "எங்க வீட்டு ஆளுக்கு டிரைவர் வேலைலா. சாயந்தரமானா மொதலாளி ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போவாரு."

மொதலாளி வக்கீல். செட்டியார் வீட்டுப் பிள்ளை, லண்டனுக்குப் போயி சட்டம் படிச்சவரு. ஈப்போ பழைய டவுன்ல மாடியில ஆபீஸ். நான் அவர ஐயான்னு கூப்பிடுவேன். அவரு என்னை டேய்ம்பாரு. கோவம் வந்தா மட்டும் 'மிஸ்டர்'.

நான் பத்து காஜாங்குற ஊருப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டுல பொறந்தவன். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டுனவங்க. நாங்க இருந்த லயத்த இடிச்சிட்டு எண்ணெய் எடுக்குற செம்பனை நட்டான், செம்பனைய வெட்டிட்டு டாமான்னு வரிசையா வீடு கட்டுனான். இப்ப அங்க போனா காவல்காரன் என்கிட்டயே ஐசி, அதான் அடையாளக் கார்டு, கேக்குறான். எஸ்டேட்டு தமிழ் ஸ்கூல்ல மூணாம் வகுப்பு வரைக்கும் போனேன். நாலாம் வகுப்புக்கு நான் ரெடியாத்தான் இருந்தேன், அது என்னைப் பார்த்துட்டு கதவ சாத்திக்கிச்சு. தமிழ் எழுதுவேன், எழுத்துக்கு எழுத்து தப்பு வரும். மலாய் பேசுவேன். இங்கிலீஸ்ல 'யெஸ் சார்', 'நோ சார்', 'ஸ்டாப்' மூணும் தெரியும். ஓட்டாத டிரைவருக்கு அது போதும்.

வண்டி சுவீடன் வண்டி. பேர நான் எழுதல. நான் சொன்னா தப்பாத்தான் வரும். கடைசி வரைக்கும் ஐயா திருத்தித் திருத்தி அலுத்துட்டாரு. லண்டன்ல இருந்து கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்த காரு. கறுப்பு. முன்னாடி பார்த்தா ஒழுங்காத்தான் இருக்கும். பின்னாடி பார்த்தா யாரோ உக்காந்து நசுக்குன மாதிரி சரிஞ்சு போயிருக்கும்.

மொத நாள் ஐயா சாவியக் கையில குடுத்து, "வண்டிய எடுத்து நெழல்ல போடு"ன்னாரு. உள்ள ஏறி உக்காந்தேன். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் தடவுனேன், ஓட்டை இல்ல. இடது பக்கம் தடவுனேன், இல்ல. குனிஞ்சு அடியில பார்த்தேன். மேல ஏறிப் போயி சொன்னேன்: "ஐயா, வண்டியில சாவி போடுற ஓட்டையைக் காணோம். ராத்திரி எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்."

ஐயா சிரிச்ச சிரிப்புல டைப் அடிக்கிற அம்மாள்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. என்னைக் கீழ கூட்டிக்கிட்டு வந்து காட்டுனாரு. ஓட்டை ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, கியருக்குப் பின்னாடி தரையோட தரையா இருந்துச்சு. மத்த வண்டியில மிட்டாய் பேப்பரு போடுவாங்கள்ல, அந்த எடம்.

"ஏன்டா அங்க வச்சிருக்கான் தெரியுமா? வண்டி மோதுனா முட்டி போயி சாவியில இடிச்சு ஒடையும். அதனால தள்ளி வச்சிருக்கான். யோசிச்சு செஞ்சிருக்கான்டா."

"அப்ப மத்த கார் செய்யிறவனுக்கெல்லாம் முட்டியே இல்லையா ஐயா?"

"மிஸ்டர், வண்டிய நெழல்ல போடுங்க."

போட்டேன். இப்ப சாவி வெளிய வரல. இழுக்குறேன், திருப்புறேன், வரவே இல்ல. ஐயா திரும்ப மேல போயி மாடி ஜன்னல்ல நின்னு, கோர்ட்டுல சாட்சியப் பார்க்குற மாதிரி பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கத்துனாரு: "கோஸ்தான் போடு!"

ரிவர்ஸுக்கு எங்க ஊருல கோஸ்தான்னுதான் சொல்லுவோம். மலாய்க்காரன், சீனன், தமிழன் எல்லாருக்கும் அதான் வார்த்தை. அந்த வண்டியில கோஸ்தான் போட்டாத்தான் சாவி வரும். நிப்பாட்டுன வண்டி உருண்டு ஓடாம இருக்குறதுக்கும் திருடனுக்கும் சேர்த்து செஞ்ச ஏற்பாடாம். அப்புறம் யார் புதுசா வண்டியில ஏறுனாலும் ஐயா சாவியக் கையில குடுத்து, "போடு பார்க்கலாம்"பாரு. நீதிபதி, டாக்டர், மாப்பிள்ளை, எல்லாரும் ஸ்டியரிங்கத்தான் தடவுனாங்க. அதுல ஐயாவுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

இந்த கோஸ்தான் என்னைக் கோயில்ல கவுத்துச்சு. ஆயுத பூசைக்கு வண்டிய கோயிலுக்குக் கொண்டுபோயி, சந்தனம் குங்குமம் வச்சு, நாலு டயருக்கு முன்னாடியும் எலுமிச்சம்பழம் வச்சு, முன்னாடி ஓட்டி நசுக்குவோம்ல. அன்னைக்கி பூசை முடிஞ்சதும் சூடம் காட்டிட்டு குருக்கள், "எடுங்கோ"ன்னாரு. எல்லாரும் பார்க்குறாங்கன்னு எனக்கு ஒரு கெத்து. வண்டி கோஸ்தான்ல நிக்கிறதை மறந்துட்டேன். கிளட்சை மிதிக்காம சாவியத் திருப்புனேன். வண்டி ஒரே துள்ளா பின்னாடி துள்ளிருச்சு. நாலு எலுமிச்சம்பழமும் புள்ளைங்க மாதிரி முழுசா முன்னாடி உக்காந்திருக்கு. பின்னாடி வச்சிருந்த பூசணிக்காதான் செத்துப் போச்சு. குருக்கள் தட்டைத் தூக்கிக்கிட்டு குதிச்ச குதி இருக்கே, அந்த வயசுல அவ்வளவு உயரம் போவாருன்னு யாருக்கும் தெரியாது.

"பின்னால போப்படாது! அபசகுனம்!"னாரு குருக்கள்.

ஐயா சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, "இந்த வண்டிக்குப் பின்னாலதான் முன்னால. அடுத்த வருசம் பழத்த மாத்தி வைங்க"ன்னாரு. வக்கீல்கிட்ட யாரு பேசுறது. அப்புறம் வருசா வருசம் எங்க வண்டிக்கு மட்டும் எலுமிச்சம்பழத்த டயருக்குப் பின்னாடி வச்சாங்க. பக்கத்துல நிக்கிற லாரிக்காரன்லாம் ஒரு மாதிரியா பார்ப்பான்.

ஐயாவுக்கு அந்தக் கம்பெனி கதைய சொல்லலைன்னா சோறு எறங்காது. சிலிம் ரிவர் கோர்ட்டுக்கு போற வழி பூரா அதான் கதை. அந்தக் கம்பெனிக்காரன் மொதல்ல ஏரோப்ளேன் செஞ்சவன். உலகச் சண்டை முடிஞ்சதும் ப்ளேன் வாங்க ஆள் கொறைஞ்சு போச்சு, சரி காரு செய்வோம்னு எறங்கிட்டான். ப்ளேன் செஞ்ச கை சும்மா இருக்குமா, மொத காரே றெக்கைய ஒடிச்ச ப்ளேன் மாதிரி இருந்துச்சாம். மோட்டார் சைக்கிள் மாதிரி பெட்ரோல்ல எண்ணெயக் கலந்து ஊத்தணும், புகை விட்டுக்கிட்டே போகுமாம். அப்புறம் டர்போ வச்சான். ஊரே திரும்பிப் பார்த்துச்சு.

"பணம் உள்ளவன் ஜெர்மன் காரு வாங்குவான். படிச்சவன் இதை வாங்குவான்"பாரு ஐயா.

"படிக்காதவன் என்ன செய்வான் ஐயா?"

"படிக்காதவன் இதைக் கழுவுவான்."

நல்லாத்தான் இருந்துச்சு பதிலு. நானே வீட்டுல போயி சொல்லி சிரிச்சேன்.

படிச்சவன் காருங்குற பேரு உண்மைதான். அந்த வண்டிய வச்சிருந்தவன் எல்லாம் டாக்டரு, யுனிவர்சிட்டியில பாடம் நடத்துறவன், வீடு கட்ட பிளான் போடுறவன். நான் தனியா ஓட்டிக்கிட்டுப் போனா ரோட்டுத் தடுப்புல நிக்கிற போலீஸு, பட்டம் வாங்குன பெரிய மனுசன்னு நெனைச்சு, "ஸிலாக்கான், டத்தோ", போங்கன்னு கைய ஆட்டி விட்டுருவான். கண்ணாடிய எறக்கி வாயத் தொறந்தா டத்தோ பட்டம் அங்கேயே போயிரும்னு நான் கண்ணாடிய எறக்கவே மாட்டேன், தலைய மட்டும் ஆட்டுவேன்.

ஒரு நாள் மத்தியானம், வெயில் கொளுத்துது, ஐயா கோர்ட்டுல. நான் வண்டியில உக்காந்து சும்மா இருக்க முடியாம ஒவ்வொரு சுவிச்சா அமுக்கிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல கீழ சூடு ஏறுது. மூலம்தான் வந்துருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு மொத நாள் வேற காரமா கோழிக் கறி சாப்பிட்டிருந்தேன். ரெண்டு நாளு மோர் குடிச்சு, கசாயம் குடிச்சு, வீட்டுக்காரி தண்ணி டப்பாவுல உக்கார வச்சா. மூணாவது நாளு ஐயா ஏறி என் சீட்டுல கைய வச்சாரு. "எவன்டா சீட் ஹீட்டரப் போட்டது?" சுவீடன்ல பனி கொட்டுமாம், அதுக்காக சீட்டுக்குள்ள அடுப்பு வச்சிருக்கான். ஈப்போவுக்கு அடுப்பு எதுக்குன்னு கப்பல்ல ஏத்துனவனும் கேக்கல, எறக்குனவனும் கேக்கல.

அப்புறம் அந்தக் கம்பெனிய அமெரிக்காக்காரன் வாங்குனான். வேற காருக்குச் செஞ்ச அடிச்சட்டத்துல இந்தப் பேரை ஒட்டி வித்தான்னு ஐயாவுக்கு கோவம். பின்னாடி ஒல்லாந்துக்காரன் வாங்குனான். அப்புறம் இழுத்து மூடிட்டாங்க. காப்பிக் கடையில பேப்பரப் படிச்சிட்டு ஐயா மடிச்சு வச்சாரு. "ஹபிஸ்டா"ன்னாரு. முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அன்னைக்கி கறுப்பு டை கட்டியிருந்தாரு. வக்கீல் தினமும் கட்டுறது அதானே, துக்கமா இல்லையான்னு பார்த்து கண்டுபிடிக்க முடியல.

பத்து வருசம் அப்படியே ஓடுச்சு. ஆச்சி, அதான் ஐயாவோட வீட்டுக்காரம்மா, எறந்துட்டாங்க. ஆபீஸ மூடுனாரு. மக ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல டாக்டர், அங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க. இவரு போகல, சமையக்காரம்மாவ வச்சிக்கிட்டு இங்கயே இருந்துட்டாரு. எனக்கு சம்பளம் நிக்கல, வேலையும் நிக்கல. காலையில ஒன்பது மணிக்கு ஐயா டை கட்டிக்கிட்டு வருவாரு, சாவியப் போடுவாரு, ஓட்டுவாரு. நான் பக்கத்துல. மடியில ஃபைலு மட்டும் இல்ல. காப்பி குடிச்சிட்டு, பாசார்ல மீன் வாங்கிட்டு வீட்டுக்கு வருவோம்.

ஒரு நாள் காலையில வண்டியில ஏறி உக்காந்தாரு. சாவிய எடுத்தாரு. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் தடவுனாரு. அப்புறம் இடது பக்கம்.

என்னைக் கிண்டல் பண்றாருன்னு நான் சிரிச்சேன். நல்லா சத்தமா சிரிச்சேன், தொடையத் தட்டி. அவரு சிரிக்கல. குனிஞ்சு அடியில பார்த்தாரு. நிமிந்து என்னையப் பார்த்து, "ஓட்டைய எவன்டா எடுத்தான்?"னாரு.

நான் அவரு கையப் புடிச்சு நடுவுல கொண்டு போனேன். சாவி உள்ள போச்சு. வண்டி கெளம்புச்சு. எனக்கு பயமா இருந்துச்சா, பாவமா இருந்துச்சான்னு யாராவது கேட்டா சொல்லத் தெரியல. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்குற மாதிரி இருந்துச்சு. இருக்கு, ஆனா இல்ல.

அதுக்கப்புறம் ரெண்டு தடவ ஒன்வே ரோட்டுல எதுர்ப் பக்கமா போனாரு. ஒரு தடவ சிவப்பு லைட்டுல நிக்காம போயி, ஒரு மலாய்க்கார அம்மா மோட்டார் சைக்கிளோட ஓரத்துல சாஞ்சுட்டாங்க. அடி படல. கூடையில இருந்த முட்டை பூரா போச்சு. நான் எறங்கி நின்னு மன்னிப்பு கேட்டேன். ஐயா கண்ணாடிய எறக்கி, "என்ன கேஸ்டா?"ன்னு கேக்குறாரு.

அன்னைக்கே பெர்த்துக்கு போன் போட்டு சொன்னேன். மக அப்பாவ அப்பச்சின்னுதான் சொல்லுவாங்க, செட்டியார் வீட்டு வழக்கம்.

"அண்ணே, அப்பச்சி இனிமே ஓட்டக் கூடாது. யாரையாவது அடிச்சிட்டா என்னண்ணே பண்றது?"

"நீங்க சொல்லுங்கம்மா. டாக்டர் சொன்னா கேப்பாரு."

"நான் சொன்னேன். உன் லைசென்ஸ் எத்தனை வருசம், என் லைசென்ஸ் எத்தனை வருசம்ன்னு கேட்டாங்க. நீங்கதாண்ணே ஏதாவது பண்ணணும்."

மூணாம் வகுப்புகிட்ட இந்த வேலைய குடுத்தாங்க. அவருகிட்ட போயி 'ஓட்டாதீங்க'ன்னு சொல்ல என்னால முடியாது. சாவிய ஒளிச்சு வச்சா வீட்டையே பொரட்டிப் போட்டுருவாரு. அதுவும் இல்லாம, அந்த வண்டிய எடுத்துட்டா ஒன்பது மணிக்கு டை எதுக்குக் கட்டுறது?

வண்டிய அந்த நாள்ல இருந்து பார்த்துக்குற சீன மெக்கானிக்கிட்ட போனேன். லாஹாட் ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டாய். பேராக்குல இந்த வண்டிய தொடுற ஆளு அவரு ஒருத்தருதான் மிச்சம். கொட்டாய்க்குப் பின்னாடி இதே வண்டி நாலு, சாமான் கழட்டுறதுக்குன்னு செடி மொளைச்சு கெடக்கும். விசயத்த சொன்னேன். அவரு சிகரெட்டக் கீழ போட்டு மிதிச்சிட்டு, வண்டிக்குள்ள கைய விட்டு தீப்பெட்டி சைசுல ஒரு சாமானப் புடுங்கி என் கையில வச்சாரு. பெட்ரோல் பம்புக்கு கரண்டு குடுக்குற ரிலே.

"இனி தாடா, கெரெத்தா தா போலே ஜாலான்"னாரு. இது இல்லாட்டி கார் ஓடாது. "லைட்டு ஹிடுப், ஹாரன் ஹிடுப், எஞ்சின் மாத்தி." லைட்டு எரியும், ஹாரன் அடிக்கும், எஞ்சின் மட்டும் செத்துரும்.

மறுநாள் காலையில ஐயா சாவியத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. எஞ்சின் சுத்துது, புடிக்கல. ரிலே என் சட்டைப் பையில, வெத்தலைப் பொட்டலத்தோட.

"சாமான் போயிருச்சு ஐயா. மெக்கானிக் பார்த்துட்டாரு."

"கம்பெனிக்கு எழுது. அனுப்புவான்."

"கம்பெனிதான் மூடிட்டாங்களே ஐயா."

அவரு ஸ்டியரிங்கை விட்டுட்டு என்னையப் பார்த்தாரு. "எப்ப?"

காப்பிக் கடையில பேப்பரு படிச்ச அன்னைக்கி கூட அவரு மொகம் அப்படி போகல. எறங்கி உள்ள போயி படுத்துட்டாரு, மத்தியானம் சாப்பிடல.

மறுநாள் ஒன்பது மணி, டை, சாவி. "கம்பெனிக்கு எழுது." நான் எருமை, திரும்பவும் அதையே சொன்னேன். "எப்ப?" திரும்பவும் படுத்துட்டாரு. மூணாவது நாளும் சொன்னேன். அன்னைக்கி கண்ணுல தண்ணி வந்துச்சு. ஒரே கம்பெனியோட சாவ ஒரே ஆளுக்கு மூணு தடவ சொன்னவன் நான். நாலாவது நாளு அவரு வாயத் தொறக்குறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்: "ஐயா, சாமான் சுவீடன்ல இருந்து வருது. கப்பல்ல ஏத்திட்டாங்க."

"கப்பல்ல எதுக்கு? ப்ளேன் செய்யிறவன், ப்ளேன்ல அனுப்ப மாட்டானா?"

"அதான் ஐயா நானும் கேட்டேன்."

"சரி. வரட்டும். நல்ல கம்பெனி."

அன்னைக்கி நல்லா சாப்பிட்டாரு. அதுல இருந்து தினமும் இதான். ஒன்பது மணிக்கு வந்து வண்டியில உக்காருவாரு. "சாமான் வந்துச்சாடா?" "இன்னும் வரல ஐயா. பினாங்குல நிக்குது." அப்புறம் என் டப்பா வண்டியில காப்பிக்குப் போவோம். ஐயா அதுல முட்டிய நெஞ்சு வரைக்கும் மடக்கிக்கிட்டு உக்காருவாரு. "இதுக்கு சாவி எங்கடா?" "ஸ்டியரிங்குல ஐயா." "யோசிக்காம செஞ்சிருக்கான்"பாரு.

வீட்டுக்காரி கேட்டா: "பெரிய மனுசன்கிட்ட தெனமும் பொய் சொல்றியே, ஒறுத்தலையா?"

"படிக்காதவன்டி. ஒரு பொய்தான் பாடம். அதையே திரும்பத் திரும்ப சொல்றேன்."

அவ சிரிக்கல. அப்பல்லாம் நான் சொல்ற எதுக்கும் யாரும் சிரிக்கல. நானும் பழக்க தோசத்துல சொல்லிக்கிட்டு இருந்தேன்.

மழை மாசத்துல ஒரு நாள், ஐயா வண்டிக்கு வரல. உள்ள எட்டிப் பார்த்தா மேசையில உக்காந்து எழுதுறாரு. இங்க் பேனா. ரெண்டு மணி நேரம் எழுதுனாரு, இடையில எந்திரிக்கல. ஒட்டி, மேல விலாசம் எழுதி, என் கையில குடுத்தாரு.

"கம்பெனிக்கு. இன்னைக்கே தபால்ல போடு."

இங்கிலீஸு. நான் தலைகீழா புடிச்சாலும் ஒண்ணுதான், நேரா புடிச்சாலும் ஒண்ணுதான். தபாலாபீஸுக்குத்தான் போனேன். ஆனா செத்த கம்பெனிக்கு கடுதாசி போட்டா திரும்பி வந்து அவரு கையிலயே விழுமேன்னு வண்டிய திருப்பிட்டேன். மகளுக்கு போட்டோ புடிச்சு அனுப்பலாமான்னு நெனைச்சேன். என்ன எழுதியிருக்காருன்னு தெரியாம அனுப்பவும் மனசு வரல. மெக்கானிக் கொட்டாய்க்குப் போனேன். அவரு இங்கிலீஸ் ஸ்கூல்ல படிச்சவரு.

ஒறைய பிரிச்சது தப்புதான். பிரிச்சேன்.

மெக்கானிக் கைய தொடைச்சிட்டு கண்ணாடிய மாட்டுனாரு. ரொம்ப நேரம் வாயசைச்சு படிச்சாரு. "வாஹ், இனி இங்கிலீஸ் திங்கி லா"ன்னாரு. ஒசந்த இங்கிலீஸாம். அப்புறம் அந்த ஒசந்த இங்கிலீஸ கொட்டாய் மலாய்ல ஒடைச்சு ஒடைச்சு சொன்னாரு. நான் அதைத் தமிழ்ல எழுதுறேன். இடையில எவ்வளவு கீழ சிந்துச்சோ தெரியாது.

கம்பெனிக்கு வணக்கம். உங்க வண்டிய முப்பது வருசத்துக்கு மேல ஓட்டிட்டேன், கொறை ஒண்ணும் இல்ல. ஒரு சாமான் அனுப்புறதா என் டிரைவர் சொல்றான். தயவு செஞ்சு அனுப்ப வேணாம். நீங்க மூடிட்டீங்கன்னு எனக்குத் தெரியும், சில நாளு மறந்துருது. அந்த சாமான் டிரைவர் சட்டைப் பையில இருக்கு. குனியும்போது பார்த்தேன். கேட்டா குடுத்துருவான். குடுத்தா நான் ஓட்டிருவேன். அதனால நான் கேக்கப் போறதில்ல.

அதுக்குக் கீழ இன்னொரு தடவ அதே கடுதாசியே மொதல்ல இருந்து எழுதியிருந்துச்சாம், வணக்கத்துல இருந்து. ரெண்டாவது தடவ பாதியில நின்னு போச்சு. கையெழுத்து இல்ல.

மெக்கானிக் மடிச்சுக் குடுத்தாரு. பால் போடாத காப்பி ஓ ஊத்திக் குடுத்தாரு. நான் குடிச்சேன். எதுக்க ரோட்டுல ஒரு ஆளு ரம்புத்தான் வித்துக்கிட்டு இருந்தான், அதைப் பார்த்துக்கிட்டு குடிச்சேன். அழுகை வருமான்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரல. ரம்புத்தான் நல்ல சிவப்பா இருந்துச்சு. ஒரு கட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஒன்பது மணி. ஐயா டை கட்டிக்கிட்டு வந்தாரு. டிரைவர் பக்கத்துக் கதவுகிட்ட நின்னாரு. நான் வழக்கம் போல இந்தப் பக்கம் நின்னேன். அவரு காரச் சுத்திக்கிட்டு என் பக்கம் வந்து, கதவத் தொறந்து, என் சீட்டுல உக்காந்து பெல்ட்டப் போட்டுக்கிட்டாரு.

"நீ அந்தப் பக்கம் உக்காரு."

உக்காந்தேன். அவரு காலு நீளம். எனக்கு பெடலு எட்டல. சீட்ட முன்னாடி இழுத்துக்கிட்டேன். தெரிஞ்சு செய்யிறாரா, மறந்து செய்யிறாரான்னு அவரு மொகத்தப் பார்த்தேன். மொகம் நேரா ரோட்டப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. எங்களுக்கு முன்னாடி ரோடு இல்ல, கார் கொட்டாய் செவுரும் துணி காயப் போடுற கம்பியும்தான்.

"சாமான் வந்துச்சாடா?"

"இன்னும் வரல ஐயா."

"வரட்டும். அவசரமில்ல. வண்டிய எடு. இன்னைக்கி சிலிம் ரிவர்ல கேஸ் இருக்கு."

சாவியத் திருப்புனேன். லைட்டு எரிஞ்சுச்சு, முள்ளு ஆடுச்சு. எஞ்சின் போடல. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன்.

"பெலான்-பெலான் போ, மெதுவா. கோப்பெங் தாண்டி லாரி நிக்கும்."

"சரி ஐயா."

மழை தூறுச்சு, தகரத்துல சத்தம். அவரு வைப்பரப் போடச் சொன்னாரு, போட்டேன். கண்ணாடி காஞ்சுதான் இருந்துச்சு, கிரீச்சு கிரீச்சுன்னு தேச்சுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "தாப்பா டவுன் வந்துருச்சா?"ன்னாரு.

"தாண்டியாச்சு ஐயா."

"அதுக்குள்ளயா? நல்லா ஓட்டுறடா."

இருபத்தாறு வருசத்துல என் ஓட்டுதலப் பத்தி அவரு சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான். நான் செவுத்தப் பார்த்து ஓட்டிக்கிட்டு இருந்தேன். சமையக்காரம்மா வாசல்ல வந்து எட்டிப் பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க.

"கோர்ட்டுக்கு இடது பக்கம் திரும்பணும். சிக்னல் போடு."

போட்டேன்.